இயங்குதள மாற்றமும் பழைய எழுத்துருக் கோப்புகளும்: பாடச் செம்மை நோக்கில்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அக்கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர்க்கு லினக்ஸ் ஏற்ற மாற்றாகும். ஆயின், தமிழாய்வாளர் இம்மாற்றத்திற்குத் தயங்கக் காரணம் புதிய இயங்குதளம் அன்று. பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்றுப் பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கப்பெற்ற பழைய கோப்புகளே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது கணினிப் பணியாகவே பெரிதும் கருதப்படுகிறது. அது பதிப்புப் பணியின் ஒரு கூறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0 2001இல் வெளிவந்தது. அது ஒருங்குறியை அறியாது. அதற்கு லினக்ஸ் வடிவமும் இல்லை. மெய்நிகர் கணினியில் பழைய விண்டோஸை நிறுவி அதனை இயக்கலாம். 2015இல் வெளிவந்த லிப்ரே ஆபிஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளை லினக்ஸிலேயே திறக்கவும் வழியுண்டு. எனவே மென்பொருள் பொருந்தாமை ஓரளவு தீரக்கூடியதே. எழுத்துருச் சிக்கல் அத்தன்மையதன்று.

பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் பதிவாகிறது. எழுத்துருவே அதற்குத் தமிழ் வடிவம் தருகிறது. லினக்ஸில் அவ்வெழுத்துருவை நிறுவிவிட்டால் பக்கம் பழையபடி தெரியும். பலர் இத்துடன் நிறைவடைகின்றனர். ஆனால் 'தமிழ்' என ஒருங்குறியில் தேடினால் அக்கோப்பில் ஒன்றும் கிட்டாது. சொல்லடைவு ஆக்கினால் அகரவரிசையும் அமையாது.

மாற்றியைப் பயன்படுத்துங்கால் இரண்டு இடர்கள் எழுகின்றன. முதலாவது, ஆங்கில மேற்கோள்களும் அடிக்குறிப்புகளும் பற்றியது. கோப்பை வெறும் உரையாக்கி மாற்றியில் இட்டால் எது எந்த எழுத்துருவில் இருந்தது என்னும் குறிப்பு அழிகிறது. ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழெழுத்துக் கோவைகளாகின்றன. எழுத்துருக் குறிப்பைக் காத்துக்கொண்டு மாற்றுவதே முறை.

இரண்டாவது இடர் ஔகாரம் பற்றியது. இதுவே ஆழ்ந்து நோக்கத்தக்கது. பாமினியில் ஔகாரத்திற்குத் தனிக் குறி இல்லை. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டே அது எழுதப்படும். 'வௌ' என்பதும் கொம்பு, வகரம், ளகரம் என்றே அமையும். இத்தொடர் வருமிடமெல்லாம் ஔகாரம் எனக் கொள்ளும் மாற்றி, 'ஒளி', 'வெளி' ஆகிய சொற்களைச் சிதைத்துவிடும். ஔகாரமே கொள்ளாத மாற்றியோ 'ஔவை' என்பதை 'ஒளவை' ஆக்கும். திரையில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவதால் மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கும் பிழை புலப்படுவதில்லை.

யாப்பு நோக்கில் இப்பிழை சிறிதன்று. 'ஔவை' நேர்நேர் ஆகித் தேமாவாகும். 'ஒளவை' குறிலிணை பெற்று நிரைநேர் ஆகிப் புளிமாவாகும். கணினிவழி அலகிடும் ஆய்வாளர்க்கு வாய்பாடே மாறிவிடுகிறது. அகப்பாடல்களில் 'கௌவை' என்னும் சொல்லைத் தொகுப்பவர்க்கு, 'கெளவை' எனப் பதிவான இடங்கள் எண்ணிக்கையில் வாரா.

ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது மெய்யே எனக் கொள்ளும் விதி பெரும்பாலான இடங்களைத் தீர்க்கும். எஞ்சியவற்றைச் சொல்லையும் சீரையும் நோக்கியே துணிய வேண்டும். இத்துணிபைத் தட்டெழுத்தரிடம் விடுவது தகாது. ஆகவே இயங்குதளத்தை மாற்றும் முன், பழைய கணினியிலேயே ஒவ்வொரு கோப்பையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் படியாக எடுத்து வைத்தல் இன்றியமையாதது. மாற்றிய பாடத்தை ஒப்புநோக்க மூலப்படியாக நிற்பது அதுவே. பழைய கோப்பும் எழுத்துருவும் உடன் காக்கப்பட வேண்டும். மாற்றியின் பெயரும் பதிப்பெண்ணும் பதிப்புரையில் குறிக்கப்பெறுதல் வேண்டும்.