செல்லாக் காசும் சொல்லும் காசும்

காசு என்பது கைம்மாறிச் செல்வது. செல்லுதலே அதன் தொழிலாதலின், செல்லாதொழிந்த காசினை உலகம் மதிப்பதில்லை. பயனற்ற மாந்தரைச் 'செல்லாக் காசு' என இகழும் வழக்கும் நம்மிடை உண்டு. ஆயினும், கடைத்தெருவிற் செல்லாதொழிந்த பின்னரும் ஒரு காசு தான் பிறந்த காலத்தையும் இடத்தையும் சொல்லவல்லது. அது சொல்வதைக் கேட்டறியும் முறை யாது, கேளாது கெடுத்தலால் வரும் இழப்பு யாது என்பனவற்றைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க நாட்டில், ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய 'பென்னி'க் காசுகளை வங்கியினின்று வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, அரியனவற்றை எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை வங்கிக்கே திருப்புவோர் பலர். முகமதிப்புக்கு வாங்கி முகமதிப்புக்கே கொடுத்தலின் இதிற் பொருளிழப்பு இல்லை. பொறுமை ஒன்றே முதல். சென்ற கோடை விடுமுறையில் யானும் அதனை முயன்று பார்க்க எண்ணினேன். நாமக்கல்லில் ஒரு வங்கியில் ஆயிரம் ரூபாய் கொடுத்து, ஐந்து ரூபாய்க் காசுகள் இருநூறு பெற்று வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையிற் பாய் விரித்துப் பரப்பினேன். அருகிருந்த என் பாட்டியார், "எண்ணிய காசையே எத்தனை முறை எண்ணுவாய், கண்ணு?" என்றனர். எண்ணுதல் வேறு, நோக்குதல் வேறு என்று யான் விடை கூறினேன்.

நோக்குவோன் முதலிற் காணத்தக்கது ஆண்டும், அதன் கீழுள்ள சிறு குறியுமாகும். இந்திய அரசின் நாணயச் சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, நொய்டா என்னும் நான்கு இடங்களில் உள. மும்பைக் காசிற் பெரும்பாலும் சாய்சதுரமும், ஐதராபாத்துக் காசில் விண்மீனும், நொய்டாக் காசிற் புள்ளியும் காணப்படும். கொல்கத்தாக் காசிலோ குறி யாதும் இராது; குறியின்மையே அதன் குறி.

அடுத்து நோக்கத்தக்கது உலோகம். பழைய ஐந்து ரூபாய்க் காசு செம்பும் நிக்கலும் கலந்து தடித்திருக்கும். 2007ஆம் ஆண்டிற் பொறித்த எஃகுக் காசு அதனினும் மெலியது. காந்தத்தைக் காட்டின் எஃகுக் காசு ஓடிவந்து ஒட்டும், மற்றையது அசையாது. இவ்விடத்துச் சேலத்தார் பெருமிதம் கொள்ளுதற்குரிய செய்தியொன்று உண்டு. துருவேறா எஃகினைத் தகடாக்கும் நம் சேலம் உருக்காலையில், பொறிப்பதற்கு முன்னைய நிலையிலுள்ள வட்டமான நாணய வில்லைகளை வெட்டியெடுக்கும் பகுதியும் அமைக்கப்பெற்றது. ஆகவே, எங்கோ பொறிக்கப்பெற்று நம் கைக்கு வரும் எஃகுக் காசு, முன்னமே நம்மூரினின்று புறப்பட்டதாகவும் இருத்தல் கூடும்.

மூன்றாவது, நினைவுக் காசுகள். 1995ஆம் ஆண்டு தஞ்சையில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு கூடியபொழுது, திருவள்ளுவர் உருவம் தாங்கிய காசுகள் வெளியிடப்பெற்றன. 2009ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி வெளிவந்த ஐந்து ரூபாய்க் காசில் அவர்தம் கையொப்பம் தமிழெழுத்திலேயே உளது. வள்ளுவர் காசு எனக்கு அகப்பட்டிலது. அண்ணா காசு ஒன்று அகப்பட்டது. தமிழ் பயில்வான் ஒருவனுக்கு, அன்றாடம் கடையிற் கொடுத்து வாங்கும் காசிற் தமிழெழுத்தைக் காணுதலினும் இனிய காட்சி யாது?

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். 'இக்காசு இலட்சம் பெறும், அக்காசு கோடி பெறும்' என விளம்பரம் செய்து, பேதையரிடம் முன்பணம் கவர்வோர் உளர். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இவ்வஞ்சகம் நடத்தலின், அவ்வங்கி 2021ஆம் ஆண்டில் மக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. கோடிக்கணக்கிற் பொறித்த காசு அரிய பொருளாதல் யாங்ஙனம்? விலையை முன்னிட்டுத் தேடுவோன் பெரும்பாலும் ஏமாறுவான். அறிவை முன்னிட்டுத் தேடுவோன் ஏமாறுவதற்கு இடமே இல்லை.

இனி, வங்கிப் பையில் மிகப் பழைய காசுகள் அகப்படாமைக்குக் காரணம் கூறுவேன். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணாவும், அறுபத்து நான்கு காலணாவும், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பையும் என வழங்கிய முறை 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் மாறி, நூறு நயா பைசா என்னும் முறை வந்தது. 1964ஆம் ஆண்டில் 'நயா' என்னும் அடை நீங்கிற்று. 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முடிவோடு இருபத்தைந்து பைசாவும் அதனிற் குறைந்தனவும் செல்லாவாயின. எனவே, அவற்றைத் தேடுவோன் வங்கியை விடுத்து, வீட்டு அஞ்சறைப் பெட்டியையும் பரண்மேற் கிடக்கும் தகரப் பெட்டியையுமே நாடுதல் வேண்டும்.

என் பாட்டியார் அன்று உள்ளே சென்று, அத்தகைய பெட்டியொன்றினின்று ஓட்டைக் காலணா ஒன்றைக் கொணர்ந்து என் கையில் வைத்தனர். அக்காசினை யான் முன்னமே அறிவேன்; அதனைக் கெடுத்தவனும் யானே.

அதன் வரலாறு இது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் செம்புக்கு நேர்ந்த முடையால், 1943ஆம் ஆண்டு முதல் 1947ஆம் ஆண்டு வரை காலணாவை நடுவில் துளையிட்டுச் சிறிதாகப் பொறித்தனர். பழைய காலணாவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கே இதற்கு உண்டு. அதே 1943ஆம் ஆண்டில் அமெரிக்கர் தம் பென்னியைச் செம்பின்றித் துத்தநாகம் பூசிய எஃகிற் பொறித்தனர். உலகத்தின் இரு கோடியிலும் ஒரே போர், ஏழையின் கைக்காசினைத் தொட்டது. நம் நாட்டுத் தாய்மாரோ அத்துளையிற் கயிறு கோத்துக் குழந்தையின் அரையிற் கட்டினர். என் பாட்டியார் பிறந்த திங்களில், அவர்தம் அன்னையார் கூலியாகப் பெற்ற புதுக்காசு ஒன்றனை அவ்வாறே மகளின் அரைஞாணிற் கோத்தனராம். அக்காலத்துச் சிற்றூரிற் பிறப்பைப் பதிவார் இலர். பள்ளியிற் சேர்த்த ஆசிரியர் தாமாகவே ஒரு நாளை எழுதிக்கொண்டனர். ஆகவே, பாட்டியார் பிறந்த ஆண்டிற்குச் சான்று அக்காசில் இருந்த ஆண்டு ஒன்றே.

பத்து வயதில் யான் அக்காசு கறுத்திருக்கக் கண்டு, அதனைப் பொன்போல் ஒளிரச்செய்து பாட்டியாரை மகிழ்விக்க விரும்பினேன். புளியிட்டுத் துலக்கினேன், அது போதாதென்று உப்புத்தாள் கொண்டு தேய்த்தேன். காசு ஒளிர்ந்தது. ஆண்டின் இறுதி எண் மறைந்தது. பாட்டியார் என்னைக் கடிந்திலர். ஒளிரும் காசினை வாங்கி, ஒன்றும் சொல்லாது பெட்டியில் வைத்தனர். கறுப்பு அழுக்கன்று, செம்பினைக் காக்கும் போர்வை என்பதும், நாணயம் பயில்வோர் பழங்காசினைத் தேய்ப்பதில்லை என்பதும் யான் பின்னரே அறிந்தேன்.

இம்முறை அதனைச் சாய்வெயிலிற் பிடித்து நெடிது நோக்கினேன். 1, 9, 4 என்னும் மூன்று எண்களே தெரிந்தன. ஆயினும், யான் அழித்தற்கியலாத ஒன்று அதில் எஞ்சியிருந்தது, அது அத்துளை. துளையுடைய காலணா 1943ஆம் ஆண்டிற்கு முன்னர் இல்லை. 1947ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பொறிக்கப்பெறவும் இல்லை. புதுக்காசாகவே அரையிற் கட்டினர் என்னும் குடும்பச் செய்தி மெய்யாயின், பாட்டியார் பிறந்தது அவ்வைந்தாண்டுகளுள் ஒன்றிலேயாம். இதனைக் கூறியபொழுது அவர் நகைத்து, "ஐந்து வயது கூடினாலும் குறைந்தாலும் எனக்கென்ன, கண்ணு?" என்றனர். எனக்கோ அவ்வைந்தாண்டு பெரிதாகவே தோன்றிற்று.

ஒரு வீட்டின் கதை இஃதாயின், ஒரு நாட்டின் கதையும் இத்தகையதே. சேலம் வட்டாரத்துக் கோனேரிப்பட்டியில் 1987ஆம் ஆண்டு உரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. கடல் கடந்த வாணிகம் நம் சமவெளிக்கும் எட்டியதென்பதற்கு அது சான்று. ஒரு புதையலில் உள்ள காசுகளுட் பிந்தியது எதுவோ, அதற்கு முன்னர் அப்புதையல் மண்ணுட் சென்றிருத்தல் இயலாது. என் பாட்டியாரின் காசுக்கு யான் கொண்ட அளவையும் அதுவே. 1984ஆம் ஆண்டில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் மதுரையில் வாங்கிய பழங்காசுகளுள் ஒன்றிற் 'பெருவழுதி' என்னும் பாண்டியன் பெயர் பழந்தமிழ் எழுத்திற் காணப்பட்டது. காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூரில், அமராவதி மணலைச் சலித்தோர் கைக்குச் சேரர் காசுகள் பல வந்தன. 'மாக்கோதை' என்னும் பெயருடைய வெள்ளிக்காசு அவற்றுள் ஒன்று. 'கொல்லிப்பொறை' என வாசிக்கப்பெற்ற செப்புக் காசும் கரூர்க் காசுகளுள் உண்டு. ஓரியைக் கொன்ற காரி கொல்லி மலையைச் சேரர்க்கு ஈந்தான் என்பது சங்கப் பாட்டால் அறியப்படும் செய்தி. பாட்டில் யாம் பயிலும் அம்மலையின் பெயர், கையிலடங்கும் செம்பிலும் நின்று நம்மோடு பேசுகின்றது. அக்காசுகளை எவரேனும் உப்புத்தாள் கொண்டு தேய்த்திருப்பின், அல்லது எடைக்கு உருக்கியிருப்பின், அப்பெயர்களை யாம் கேட்டிருப்போமா?

ஆதலின், காசு தேடும் நண்பர்கள் மூன்றினை நெஞ்சிற் கொள்க. பழங்காசினைத் தேய்த்தலும் உருக்குதலும் ஒழிக. எவ்விடத்து, எவர் கையினின்று, எந்நாளிற் கிடைத்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் உடனே எழுதுக. இடமறியாக் காசு பாதி ஊமையாம். மண்ணிற் புதையல் காணின், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதனை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டின் சட்டத்தை மறவற்க.

இருநூறு காசுகளுள் நூற்றுத் தொண்ணூற்றொன்பதை யான் வங்கிக்குத் திருப்பிவிட்டேன். ஓட்டைக் காலணா இப்பொழுது ஒரு தாளுறையிற் கிடக்கின்றது. அவ்வுறையின்மேல், பாட்டியார் சொல்லச் சொல்ல, அவர் பெயரையும் அவர்தம் அன்னையார் பெயரையும் ஊரின் பெயரையும் யானே எழுதியுள்ளேன். செல்லாக் காசுதான், ஆயினும் இனி அது வாய் திறந்து சொல்லும்.