கணினிக்குள் ஒரு ரூட்டர்

கேள்வி: சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படிக்கிறேன். சிகந்தராபாத்தில் இரிசெட் என்னும் ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பயிற்சி நிலையத்தில் பயின்ற ரயில்வே ஊழியரான அப்பா, நிஜச் சாதனத்தைத் தொட்டால்தான் வித்தை வரும் என்கிறார். கணினியில் ஜிஎன்எஸ்3 மென்பொருள் கொண்டு பழகினால் போதாதா?
– ஒரு வாசகர், மௌலா அலி, ஐதராபாத்

பதில்: போதும். பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் ரூட்டரைப்போல் நடிக்கும் நிரலேயாக இருக்க, ஜிஎன்எஸ்3-இலுள்ள டைனாமிப்ஸோ பழைய சிஸ்கோ 7200 ரூட்டரின் வன்பொருளையே கணினிக்குள் சிருஷ்டித்து, அதன்மேல் சிஸ்கோவின் அசல் ஐஓஎஸ் இயங்குதளத்தை ஓடவிடுகிறது. (அந்த ஐஓஎஸ்ஸுக்கு உரிமம் வேண்டும்; சிநேகிதர் தந்த பிரதி உரிமமாகாது.) ஒரே ரூட்டரைத் துவக்கியதும் மடிக்கணினியின் விசிறி இரைந்து, பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கக் கண்டு கலங்கவேண்டாம்; ரூட்டர் சும்மா இருக்கும் நேரத்தையும் உழைப்பாகவே பாவிக்கும் டைனாமிப்ஸுக்கு ‘ஐடில்-பிசி’ மதிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் அடங்கிவிடும்.

பிறகு, ஈதர்நெட்டால் இணைத்த இரு ரூட்டர்களில் ஓஎஸ்பிஎஃப் என்னும் ரூட்டிங் நெறிமுறையை அமைத்து, ஒன்றில் மட்டும் ஹலோ செய்திகளின் இடைவெளியை 10 வினாடியிலிருந்து 15 ஆக்கிவிட்டு, மற்றதில் 40 வினாடிக்குள் அண்டை உறவு அறுவதைக் கண்ணாரக் காணுங்கள். பத்து முறை வாசித்தும் பதியாதது அப்போது பதியும்.

கேபிள் முனையைக் கிரிம்ப் செய்வதில் மட்டும் தந்தையார் சொல்வதே சரி. அதை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: சிசிஎன்ஏ சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கே செல்லும். ஆகையால் வேலை தேடும் காலத்தை ஒட்டியே தேர்வெழுதுங்கள்.