நாணல் நட்டால் கணக்குத் தீருமா?

கழிவுநீர் ஓடும் இடத்தில் நாணலும் கோரையும் நட்டுவிட்டால் போதும், செடிகள் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்துவிடும் என்பது செயற்கை ஈரநிலங்களைப் பற்றிய பரவலான நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் திருத்துவது கடினமாக இருக்கிறது. 1950களில் ஜெர்மனியின் பிளோன் நகரில் கேத்தே சைடல் கோரைகளைக் கொண்டு கழிவுநீரில் சோதனை தொடங்கிய காலம் முதல் நம் கண் செடிமேல்தான். வேலையில் பெரும்பங்கு நடப்பதோ வேரிலும் சரளைக்கல்லிலும் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தில். ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்; ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். செடி இவற்றுக்குக் குடியிருக்க இடம் தருகிறது, நீரோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. தான் உறிஞ்சியதில் பெரும்பகுதியை, அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், மட்கும்போது தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

பாஸ்பரஸ் கதை வேறு. அதற்குக் காற்றில் கலந்து போக வழியில்லை. சேற்றில்தான் தங்கியாக வேண்டும். இதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. ஒக்கிசோபி ஏரிக்குத் தெற்கே கரும்பு வயல்களிலிருந்து வடிந்த உரச்சத்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் கலந்தது. சத்துக் குறைந்த தண்ணீரில் வாழப் பழகிய வாள்விளிம்புப் புல் பின்வாங்க, அந்த இடத்தில் சம்பங்கோரை அடர்ந்தது. 1988இல் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1994இல் சதுப்பைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. படிப்படியாக 57,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் செயற்கை ஈரநிலங்கள் உருவாயின. சதுப்புக்கு வைத்த இலக்கு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாஸ்பரஸ். அதாவது, லட்சம் லிட்டருக்கு ஒரே ஒரு கிராம்! இவ்வளவு பரப்பில் கட்டியும் ஈரநிலத்தை மட்டும் நம்பி யாரும் இருந்துவிடவில்லை. வயல்களிலிருந்து வெளியேறும் பாஸ்பரஸையே 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. வடிகட்டி எவ்வளவு பெரிதானாலும், உள்ளே வருவதைக் குறைக்காமல் அது தாக்குப்பிடிக்காது.

இரண்டாவது நம்பிக்கை இதைவிட ஆபத்தானது: இங்கே ஒரு சதுப்பை மேடாக்கினால் என்ன, வேறோரிடத்தில் ஒன்று கட்டிக்கொடுத்துவிடலாமே! 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மீட்டெடுத்தும் புதிதாக உருவாக்கியும் வந்த 621 ஈரநிலங்களை இயற்கையான சதுப்புகளோடு ஒப்பிட்டது. நூறு ஆண்டு கழிந்த பின்னும் உயிரின அமைப்பில் சராசரியாக 26 சதவீதம், கரிமச் சேமிப்பு போன்ற மண்சார்ந்த இயக்கங்களில் 23 சதவீதம் குறை இருந்தது. தத்துவவாதி ராபர்ட் எலியட் 1982லேயே, மீட்டுருவாக்கிய இயற்கையைப் போலி ஓவியத்தோடு ஒப்பிட்டார். ஒரு நிலம் எப்படி உருவானது என்ற வரலாறும் அதன் மதிப்பில் சேரும் என்பது அவர் வாதம். அதில் சற்றுக் கடுமை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. கழிவைச் சுத்திகரிக்கக் கட்டிய ஈரநிலம் தன்னை மூல ஓவியம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது ஓர் இயந்திரம், அதுவும் மின்சாரத்தை அதிகம் கேட்காத நல்ல இயந்திரம். அந்த இயந்திரத்தைக் காட்டி ஒரு சதுப்பை அழிக்க அனுமதி கேட்கும்போதுதான் போலி ஆரம்பிக்கிறது.

கொசு பெருகுமே என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது: சரளைக்கல் அடுக்குக்குள்ளேயே நீரோடும் வகை ஈரநிலத்தில், பராமரிப்பு சரியாக இருந்தால், கொசு முட்டையிடத் தேங்கிய நீர் மேலே இருக்காது. கல்லிடுக்கு அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் மேலே ததும்பும். ‘இயற்கை தானே பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிட்ட இடங்களில் நடப்பது அதுதான்.

செலவு யாருடையது என்ற கேள்விக்குத்தான் எளிய பதில் இல்லை. எவர்கிளேட்ஸ் விவசாயப் பகுதியில் மாசுபடுத்துவோரே அதைச் சரிசெய்யும் செலவுக்கு முதன்மைப் பொறுப்பு என்று 1996இல் புளோரிடா வாக்காளர்கள் மாநில அரசமைப்பையே திருத்தினார்கள். அடுத்த ஆண்டே, சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றாமல் அந்தத் திருத்தம் தானாக நடைமுறைக்கு வராது என்று மாநில உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது.