பழைய கெப்பின் ஐட்லிங் தடுமாறுகிறதா? பம்பைக் கழற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

நம்மவர்களில் கடை வைத்திருப்போர், மொத்த வியாபாரம் செய்வோர், ஊர் ஊராகச் சரக்கு இறக்குவோர் பலரிடமும் பழைய டீசல் கெப் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, வண்டியை மாற்ற நினைத்திருந்தவர்களும் இருந்ததையே திருத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. 2025இல் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தாலும், புதிய கெப்பின் விலை சிறு வியாபாரிக்கு எட்டுவதாக இல்லை. எனவே உள்ள வண்டியைப் பாதுகாப்பது வியாபார முதலைப் பாதுகாப்பது போன்றதாகும்.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. ஓடும்போது நன்றாக ஓடுகிறது. நிறுத்தி வைத்தால் எஞ்சின் குலுங்குகிறது, அல்லது ஓட்டம் ஏறி இறங்குகிறது, சில வேளை நின்றும் விடுகிறது. இதற்குப் பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், "பம்ப் பழுது, கழற்ற வேண்டும்" என்பதாகும். டீசல் பம்பைக் கழற்றித் திருத்திப் பூட்டுவது பெரிய செலவு. வண்டி இல்லாமல் போகும் நாட்களின் நட்டம் வேறு. ஆனால் எனது அனுபவத்தில், பல வண்டிகளில் குறை பம்பில் இருக்கவில்லை. அதற்கு முன்னாலுள்ள சில்லறைச் சாமான்களில்தான் இருந்தது. எனவே மலிவானதிலிருந்து தொடங்கி விலை கூடியதில் முடிப்பதே சரியான ஒழுங்கு.

நான் இங்கே சொல்வது டொயோட்டா ஹைலக்ஸின் 2எல், 3எல் எஞ்சின்கள், நிசானின் டிடி27, மிட்சுபிஷி எல்200இன் பழைய 4டி56 போன்ற, கம்பியூட்டர் இல்லாத பழைய டீசல் எஞ்சின்களுக்கே பொருந்தும்.

ஐட்லிங்கில் மட்டும் ஏன் தெரிகிறது?

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 350 தடவை எரிகிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும் டீசல் ஒரு துளியை விடவும் மிகக் குறைவு. இந்தச் சிறிய அளவில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் அதை உடனே காட்டிவிடும். வேகமாக ஓடும்போது டீசலும் கூடுகிறது, சக்கரத்தின் வேகமும் குறையை மறைத்துவிடுகிறது. எனவே ஐட்லிங் என்பது எஞ்சினின் நாடித்துடிப்பு. நாடி பிடித்துப் பார்க்காமல் சத்திரசிகிச்சைக்குப் போகக் கூடாது.

முதலில் கேட்டறியுங்கள்

எஞ்சினைச் சூடாக்கி, பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஐந்து நிமிடம் அருகில் நின்று கவனியுங்கள். இரண்டு வகைத் தடுமாற்றம் உண்டு.

ஒன்று, ஓட்டம் அலைபோல் ஏறி இறங்குவது. இதற்குப் பெரும்பாலும் டீசலோடு காற்றுச் சேர்வதோ, டீசல் போதாமல் வருவதோ காரணம். பம்பின் உள்ளேயுள்ள கவர்னர் தேய்ந்தாலும் இப்படி வரும், ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது.

மற்றது, ஓட்டம் ஒரே அளவாக இருந்தும் ஒரு தாளத்தில் நொண்டுவது. இது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும்.

புகையையும் பாருங்கள். காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு நொண்டி, சூடானதும் சரியானால் முதலில் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்க வேண்டும். நான்கில் ஒன்று எரிந்திருந்தாலும் இப்படி நடக்கும். கறுப்புப் புகை என்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் கூடுதல். எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது.

எஞ்சின் ஒழுங்காக ஓடியும் கெப் மட்டும் அதிர்ந்தால், எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் இறங்கியிருக்கலாம். பொனட்டைத் திறந்து காதால் கேட்டால் ஓட்டம் சீராக இருக்கும், ஸ்டியரிங்கில் கை வைத்தால் நடுங்கும். இதற்கும் பம்புக்கும் சம்பந்தமில்லை.

காற்றுப் புகும் வழிகள்

நான் மேலே சொன்ன டொயோட்டா எஞ்சின்களில் டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சுவது பம்ப்தான். டாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். இதனால்தான் "எங்கும் லீக் இல்லை" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது.

காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். உடனே இறுகினால் நல்லது. பல தடவை மெத்தென்று போய், பிறகுதான் இறுகுகிறது என்றால் இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பியிருக்கிறது, எங்கோ காற்றுப் புகுகிறது என்று பொருள். அந்தக் கைப்பம்பின் ரப்பரே பழுதாகிக் காற்றை விடுவதும் பழைய வண்டிகளில் சாதாரணம். அடுத்து ரப்பர் ஹோஸ்கள், கிளிப்கள், பில்டரின் வளைய ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள்.

பம்புக்கு வரும் ஹோஸுக்குப் பதிலாக ஓர் அடி தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பூட்டி ஓடவிட்டால், காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். இன்னும் உறுதியாக அறிய, சுத்தமான டீசல் உள்ள கேனைப் பம்பை விட உயரமாக வைத்து, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுங்கள். டாங்கிக்குத் திரும்பும் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். எஞ்சின் சீராகிவிட்டால் பம்ப் குற்றவாளி அல்ல, டாங்கியிலிருந்து பம்ப் வரையான பாதையில்தான் குறை.

எங்கள் வீதியில் அரிசி வியாபாரம் செய்யும் நண்பரின் கெப்புக்கு, ஒரு கராஜில் பம்ப் போய்விட்டது என்று சொல்லப்பட்டது. கேன் வைத்துப் பார்த்தோம், எஞ்சின் அமைதியாக ஓடியது. கைப்பம்பும் இரண்டடி ஹோஸும் மாற்றியதோடு காரியம் முடிந்தது. பம்பில் கை வைக்கவே இல்லை.

பில்டரும் தண்ணீரும்

பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி, வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாகத் தங்கும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது பலர் பீப்பாய்களிலும் கேன்களிலும் டீசலைச் சேமித்து ஊற்றினார்கள். அப்படிச் செய்தவர்கள் டாங்கியின் அடியையும் ஒரு தடவை சுத்தம் செய்து கொள்வது நல்லது. இலாபம் என்று மண்ணெண்ணெய் கலப்போருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பம்பின் உள்ளே வழுவழுப்புக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தத் தன்மை குறைவு. பம்ப் விரைவில் தேயும்.

எந்தச் சிலிண்டர்?

நொண்டல் இன்னும் நீங்காவிட்டால் மெக்கானிக்கிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் ஓடும்போது, இன்ஜெக்டருக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி மீண்டும் இறுக்குவது. நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் மேலும் நொண்டும். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ, அதுவே வேலை செய்யாத சிலிண்டர்.

பின் அந்த இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டரோடு மாற்றிப் பூட்டுங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் பழுது, நொசில் மாற்றிச் சோதித்தால் போதும். குறை அதே இடத்தில் நின்றால் வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். அவையும் சரியாக இருந்தால்தான் பம்பின் முறை வருகிறது.

கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புதிய காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் பன்மடங்கு அதிகம், அவற்றில் இந்தச் சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

பெற்றோல் கெப் என்றால்

அவற்றில் பிளக், பிளக் வயர், காற்று உறிஞ்சும் வெக்கியூம் குழாய்களின் வெடிப்பு, த்ரொட்டிலில் படிந்த கரி ஆகியவற்றை இந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும். குழாய் வெடித்திருந்தால் உஸ்ஸென்ற சத்தம் கேட்கும்.

திருகைக் கூட்டுவது வைத்தியமல்ல

ஐட்லிங் திருகைக் கூட்டிவிட்டால் நொண்டல் மறையும். குறை போகாது, டீசல் மட்டும் வீணாகும். பழைய கெப் வாங்கப் போகும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்கும் வண்டியின் ஐட்லிங் வழக்கத்தை விடக் கூடுதலாக இருந்தால், அதைச் சரியான அளவுக்குக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

கராஜுக்குப் போகும்போதும் "ஐட்லிங் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, ஏறி இறங்குகிறதா நொண்டுகிறதா, என்ன நிறப் புகை, கடைசியாக எப்போது பில்டர் மாற்றியது என்பதைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். பம்பைக் கழற்ற வேண்டும் என்றால், கேன் வைத்துப் பார்த்தீர்களா, நட்டைத் தளர்த்திப் பார்த்தீர்களா என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், செய்து காட்டுவார். சரக்கு வாங்கும்போது மூடையைப் பிரித்துப் பார்த்துத்தானே காசு கொடுக்கிறோம்.