விவாக வாக்கும் பன்னிரண்டு மணி ரயிலும்



ஞாயிறு ஏட்டில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1936-ம் ஆண்டிலேயே பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் சினிமாவைக் குறித்துத் தனி நிருபம் எழுதினார். கெட்ட படம் ஆத்துமத்தைக் கெடுக்கும், நல்ல படம் அதை உயர்த்தும் என்று அதில் எச்சரித்தார். ஆகையால் இவ்வாரம் ஒரு படத்தையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

குதிரையும் துப்பாக்கியுமாக வரும் கௌபாய் படங்கள் நமக்குப் புதியவை அல்ல. கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த "கங்கா" 1972-ல் நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். இவ்வகைப் படங்களின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே 1952-ல் வெளிவந்த படம் "ஹை நூன்". உச்சிப்பொழுது என்று பொருள். இயக்கியவர் பிரெட் ஜின்னமன். ஏறத்தாழ 7,50,000 டாலர் செலவில், ஹாலிவுட் கணக்குக்குச் சிக்கனமாக, கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஓடுவது 85 நிமிஷம்தான். ஆயினும் நான்கு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது.

கதை இதுதான். ஒரு ஞாயிறு காலை, ஊர்க்காவல் அதிகாரியான கேன் என்பவனுக்கும் ஏமி என்ற இளம் பெண்ணுக்கும் கலியாணம். யாரும் எதிர்பாராத ஜோடி! அவன் துப்பாக்கி ஏந்தியவன். அவளோ ஆயுதமே கூடாதென்னும் குவேக்கர் சபைப் பெண். அவள் தகப்பனையும் சகோதரனையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுத்தவள். அவளுக்காக அவன் வேலையை விட்டு, நட்சத்திர வில்லையையும் கழற்றி வைக்கிறான். அந்நேரம் செய்தி வருகிறது: அவன் முன்பு பிடித்துக் கொடுத்த கொலைகாரன் மில்லர் விடுதலையாகிவிட்டான், பன்னிரண்டு மணி ரயிலில் பழி தீர்க்க வருகிறான். ஸ்டேஷனில் அவன் கூட்டாளிகள் மூவர் காத்திருக்கிறார்கள்.

ஊரார் அவசரப்படுத்த, புதுத் தம்பதிகள் வண்டியேறிப் புறப்படுகிறார்கள். ஆனால் பாதி வழியில் கேன் வண்டியைத் திருப்புகிறான். "நீ வராவிட்டால் அதே ரயிலில் நான் போய்விடுவேன்" என்கிறாள் ஏமி. விவாகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை!

இதில் நாம் கற்கும் பாடங்கள் மூன்று.

முதலாவது, ஊராரைப் பற்றியது. துணை தேடிக் கேன் வீடு வீடாய் அலைகிறான். கலியாணம் செய்து வைத்த நீதிபதியே மூட்டை கட்டுகிறார். சிநேகிதன் ஒருவன் உள்ளே ஒளிந்துகொண்டு, "வீட்டில் இல்லை" என்று மனைவியைச் சொல்ல வைக்கிறான். கோவிலில் ஜெபம் நடக்கிறது. அங்கும் போய் நிற்கிறான். அவன் நல்லவன் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. ஜெபம் செய்த வாய் புகழ்ந்தது, கால் நகரவில்லை.

இரண்டாவது, கணவனைப் பற்றியது. கேன் கடமை தவறாதவன். ஆயினும் குற்றமற்றவன் அல்லன். இருவர் வாழ்வையும் பாதிக்கும் முடிவை மனைவியைக் கலக்காமல் எடுத்தான். நம் வீடுகளில் கடன் வாங்கும்போதும், வேலையை மாற்றும்போதும், பிள்ளையின் படிப்பை நிறுத்தும்போதும் இது நடப்பதில்லையா?

மூன்றாவது, மனைவியைப் பற்றியது. ரயில் வந்து நிற்கிறது. ஏமி ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் வெடிச் சத்தம் கேட்கிறது. மறுகணம் இறங்கி ஊருக்குள் ஓடுகிறாள். கடைசியில் கணவன் உயிரைக் காக்க அவளே சுடவும் நேரிடுகிறது. அது சரியா? அநியாயமாய்த் தாக்குகிறவனிடமிருந்து உயிரைக் காப்பது நியாயமென்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்திருக்கிறார். ஆனாலும் அவள் சுட்டதை நாம் கொண்டாட வேண்டாம். ரயிலை விட்டு இறங்கினாளே, அதைப் பார்ப்போம். காலையில் வாயால் கொடுத்த வாக்கை அவள் அப்போதுதான் முழுமனதோடு கொடுத்தாள்.

கேனாக நடித்த காரி கூப்பரின் வாழ்வும் ஒரு பாடமே. 1933-ல் விவாகம் செய்த மனைவியை விட்டு, இப்படம் எடுத்த காலத்தில் அவர் பிரிந்து வாழ்ந்தார். சில வருஷங்களில் திரும்பி வந்து சேர்ந்தார். 1959-ல் மனைவியும் மகளும் அநுசரித்த சத்திய வேதத்தைத் தாமும் தழுவி, 1961 மே 13-ல் மரித்தார். அவரும் ரயிலை விட்டு இறங்கியவர்தான்.

வெம்பக்கோட்டைச் சீமையில் பன்னிரண்டு மணி ரயில் வேறு உருவத்தில் வரும். காலையில் சோற்று வாளியோடு பட்டாசு ஆலைக்குப் போனவர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள் அது. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தை யார் மறப்பார்? கருகிய கையோடு வீடு திரும்பும் கணவனுக்குச் சோறு ஊட்டும் மனைவி விவாக வாக்கைத் தினமும் புதுப்பிக்கிறாள். முகம் வெந்த மனைவியைக் கைவிடாத கணவனும் அப்படியே. இன்பத்தில் கொடுத்த வார்த்தைக்குத் துன்பத்தில்தான் விலை தெரியும்.

அவர்களைத் தனியே விட்டுவிட்டு நாம் ஜெபத்தோடு நின்றுவிடலாமா? விபத்து நடந்த வாரம் வாசல் கொள்ளாத கூட்டம். ஆறு மாதம் கழித்து யார் வருகிறார்கள்? மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அநுமானத்துக்குச் சாட்சியாகக் கோவிலில் நின்று, பந்தியில் சாப்பிட்ட நமக்கும் அந்த வீட்டில் பங்குண்டு.

இன்றிரவு ஜெபமாலைக்குப்பின் குடும்பமாய் யோசியுங்கள்:

1. எந்த முடிவை என் துணையைக் கேளாமல் எடுத்தேன்?

2. விபத்தோ நோயோ கண்ட எந்த வீட்டுக்குப் போகாமல் "வீட்டில் இல்லை" என்று ஒளிந்திருக்கிறேன்?

3. இவ்வாரம் அந்த வீட்டுக்கு யார் போவது? என்றைக்கு? வெறுங்கையோடா?

மூன்றாம் கேள்விக்குக் கிழமையைக் குறித்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.