பெரியவங்களுக்குப் பாடம் சொல்லும்போது: இளம் ஆசிரியரின் பொறுப்புகள்



சமய வகுப்பு என்றதும் நமக்குப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான் ஞாபகம் வரும். ஆனால் எங்க போர்ட் கிள்ளான் வட்டாரத்தில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும், வேலை முடிந்து வரும் ஐயாக்களும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கும் சொல்லிக் கொடு தம்பி" என்று கேட்கிறார்கள். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். தேவாரத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, ஏட்டில் அது எந்த வரி என்று தெரியாதவர்களும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க நிற்பதோ என்னைப் போல யூனிவர்சிட்டியில் படிக்கும் இருபது வயதுக்காரர்கள். நம்ம பொறுப்பு என்ன என்பதே இந்தப் பாடம்.

வயது ஒரு தடையா?

நம் மரபில் இல்லை. கல்லால மரத்தடியில் இருக்கும் தட்சிணாமூர்த்தி இளையவர். எதிரே அமர்ந்து கேட்கும் சனகாதி முனிவர்கள் முதியவர்கள். சுவாமிமலையில் பிள்ளை சொல்ல, தகப்பன் கேட்டார்.

இதில் நாம் ஆழமாகப் பார்க்க வேண்டியது 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வரலாறு. சிவஞான போதம் தந்த மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பத்துக்கே குருவான சகலாகம பண்டிதர் அங்கே வந்து, ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். மெய்கண்டார் பதில் பேசவில்லை. கேட்டவரையே சுட்டிக் காட்டினார். முதியவர் அந்த இடத்திலேயே இளையவரின் சீடரானார். அவர்தான் அருணந்தி சிவாச்சாரியார். சிவஞான சித்தியார் அவர் எழுதியது.

இந்தக் கதையைக் கேட்டு நாமும் விரல் நீட்டலாம் என்று நினைக்கக்கூடாது. மெய்கண்டார் ஞானி, நாம் எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுப்பவர்கள். நாம் பார்க்க வேண்டியது அருணந்தியை. ஐம்பது வயதில் ஒருவர் வந்து, மகன் வயதுப் பையன் முன்னால் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார் என்றால், ஆணவத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் "இதுகூட தெரியாதா?" என்று நாம் சிரித்தால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார். அத்தோடு அவர் படிப்பே நின்றுவிடலாம்.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தி முனிவரின் நன்னூல் இலக்கண நூல்தான். அதன் பாயிரம், நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொல்கிறது. ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு உவமைகள் உண்டு.

கழற்காய் நிரப்பிய குடம்: போட்ட வரிசையில் காய் வெளியே வராது. தயார் செய்யாமல் வந்து, வாய்க்கு வந்தபடி பாடம் நடத்துபவர் இப்படித்தான்.

மடல் சூழ்ந்த பனை: பழம் உண்டு, ஆனால் யாரும் கிட்டே போக முடியாது. கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர்.

பருத்திக் குடுக்கை: பஞ்சை அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். தானும் திணறிப் படித்து, பிறருக்கும் திணறிச் சொல்பவர்.

வளைந்த தென்னை: தண்ணீர் ஊற்றியவர் ஒருவர், காய் விழுவது பக்கத்து வீட்டில். நம்பி வந்தவரை விட்டுவிட்டு, வேறு யாருக்கோ பயன்படுபவர். வகுப்பைப் படம் எடுத்து முகநூலில் போடுவதில் காட்டும் அக்கறையைப் பின்வரிசைப் பாட்டியிடம் காட்டாவிட்டால், நாமும் அந்தத் தென்னைதான்.

பாடம் சொல்லும்போது அவசரப்படாமல், கோபப்படாமல், முகமலர்ச்சியோடு, கேட்பவரின் கொள்ளளவு அறிந்து சொல்ல வேண்டும் என்பதும் அதே நூலின் அறிவுரை.

எந்த எழுத்தில் தொடங்குவது?

தமிழில் 247 எழுத்துகள் என்று முதல் நாளே அட்டவணையைத் தொங்கவிட்டால் பெரியவர்கள் மலைத்துப் போவார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரேயரி, 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு தந்தார். படிப்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்தே அவர் எழுத்தை எடுத்தார்.

நமக்கும் இது பொருந்தும். துறைமுகத்தில் வேலை செய்பவருக்கு 'அம்மா, ஆடு' எதற்கு? 'கப்பல்', 'சம்பளம்' என்ற இரண்டு சொற்களை எடுங்கள். க, ப, ல, ச, ம, ள என்ற ஆறு எழுத்துகளும் புள்ளியும் கிடைத்துவிடும். இவற்றை வைத்தே கல், பகல், மகள், மக்கள், பள்ளம், கம்பம் எல்லாம் எழுதலாம். முதல் நாளே 'மகள்' என்று தன் கையால் எழுதியவர் இரண்டாம் நாளும் வருவார்.

படிப்பு வாழ்க்கைக்குப் பயன்படணும்

1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் பாடம் நடத்தினார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வந்தார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டும் ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைக்கின்றன.

நம் நாட்டில் இன்னொரு அவசரம் இருக்கிறது. சிவப்பு அடையாள அட்டையோடு பல வருஷம் வாழ்ந்துவிட்ட பெரியவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்கீழ் குடியுரிமை கேட்பவருக்குப் போதிய மலாய்மொழி அறிவு வேண்டும். தோட்டத்திலேயே வாழ்நாள் கழிந்த ஒரு பாட்டிக்கு இது பெரிய மலை. நமக்கோ எஸ்பிஎம் வரை படித்த மொழி. தேவார வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவரோடு மலாய் பேசிப் பழகினால், அதுவும் சமயத் தொண்டுதான்.

நாம் ஏற்க வேண்டிய பொறுப்புகள்

1. முதலில் கேளுங்கள். எதற்காகப் படிக்க வந்தார்? ஒருவருக்குத் திருமுறை வாசிக்க வேண்டும். இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி அட்டையில் தேதி பார்க்கத் தெரிய வேண்டும். பாடத்திட்டம் அதற்குப் பிறகு.

2. வேலை நேரத்துக்கு வகுப்பை வளைத்துக் கொடுங்கள். துறைமுகம் இரவு பகல் ஓடுகிறது. ஷிப்ட் மாறினால் அவரால் வர முடியாது. விட்ட பாடத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

3. அவருடைய அனுபவத்துக்கு இடம் கொடுங்கள். பொறியியல் மாணவனான நான் பாரம், கயிற்றின் இழுவிசை எல்லாவற்றையும் காகிதத்தில் கணக்குப் போடுகிறேன். கிரேன் ஓட்டிய ஓர் ஐயா, பாரம் எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் பேசும்போது நான் மாணவன்.

4. தவறைத் தனியாகத் திருத்துங்கள். ஐயா, அம்மா, அக்கா என்ற மரியாதை பாடத்தின் நடுவிலும் குறையக்கூடாது.

5. நம்மைச் சார்ந்திருக்க விடாதீர்கள். நன்றாக வாசிப்பவரை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். நாம் படிப்பு முடிந்து வெளியூர் வேலைக்குப் போய்விடுவோம், வகுப்பு நிற்கக்கூடாது.

கலந்துரையாட

உங்கள் கோயிலில் படிக்க ஆசைப்பட்டும் கேட்கக் கூச்சப்படும் பெரியவர் யார்? அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவீர்கள்?

நான்கு உவமைகளில் எது உங்கள் வகுப்புக்கு அதிகம் பொருந்துகிறது? அதை எப்படி மாற்றலாம்?

இந்த வாரச் செயல்: உங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் தினமும் புழங்கும் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். அதிலிருந்து முதல் பாடத்தைத் தயார் செய்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.