சொல் தெரியும், பொருள் தெரியாது

'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'டார்மாக்' பகுதி 1991இல் ஒளிபரப்பானது. தமேரியர் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கருவி பெயர்த்துவிடுகிறது. ஆனாலும் விண்கலத் தலைவர் பிக்கார்டுக்கு எதுவும் விளங்குவதில்லை. தமேரியர் தம் பழங்கதைகளைச் சுட்டியே பேசுபவர்கள். கதை அறியாதவருக்கு அது வெறும் பெயர்க்கோவை.

நம் வகுப்பறையிலும் இது நடக்கிறது. 'முல்லைக்குத் தேர் கொடுத்தவர்' என்னும் தொடரில் மூன்று சொற்களும் மாணவருக்குத் தெரியும். பாரியைத் தெரியாவிட்டால் பொருள் தெரியாது. அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும் என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

தமேரியத் தலைவர் டேத்தன், பிக்கார்டை ஒரு கோளுக்குக் கொண்டுசென்று, இருவரும் சேர்ந்து ஒரு கொடிய விலங்கை எதிர்கொள்ளச் செய்கிறார். விளக்கம் சொல்ல வழியில்லாததால் கதையையே நிகழ்த்திக் காட்டுகிறார். படுகாயத்துடன் நெருப்பருகே கிடக்கும்போதும் அவர் கேட்பது ஒரு கதைதான். பிக்கார்டு கில்கமேஷின் கதையைச் சொல்கிறார். இப்பகுதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு. கதைகளாலேயே பேசுவோர், அக்கதைகளை முதன்முதலில் தம் குழந்தைகளுக்கு எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள்? ஒன்பதாம் வகுப்பில் விமரிசனம் எழுதப் பயிற்றும்போது, இக்கேள்வியை மாணவர்களிடமே விட்டுப்பாருங்கள்.